காய்ச்சல் குடியிருந்த வீடுகள் (கருங்காய்ச்சலின் கதை – 3)

1903 முடிவதற்குள் கிருமி கையில் கிடைத்துவிட்டது. டம்டம் ராணுவ முகாமில் காய்ச்சல் கண்டு, இங்கிலாந்தின் நெட்லி மருத்துவமனையில் இறந்துபோன சிப்பாயின் மண்ணீரலில் லீஷ்மன் பார்த்ததும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டோனவன் பார்த்ததும் ஒன்றுதான் என்று ஆகி, ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனவனி’ என்று சூட்டியதோடு சென்ற இதழில் நிறுத்தினோம். யார் முதலில் கண்டார் என்ற சண்டை அதோடு அடங்கியது.

அடங்காத கேள்வி ஒன்று இருந்தது. இந்தக் கிருமி அம்மைக் கொப்புளம்போல் தோலில் இல்லை. காசநோய்போல் சளியிலும் இல்லை. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று உடம்பின் ஆழத்தில் குடியிருக்கிறது. ஒருவர் விலாவுக்குள் புதைந்து கிடப்பது பக்கத்தில் படுத்திருப்பவர் விலாவுக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது? ஐயத்துக்கு இடமில்லாத பதில் கிடைக்க மேலும் 39 ஆண்டுகள் ஆயின.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக நோயைப் பற்றி இரண்டு வரி. காய்ச்சல் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும். மண்ணீரல் வீங்கி, தொப்புளைத் தாண்டி இறங்கும். கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். தோல் கறுக்கும். மருந்து கிடைக்காதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள். பலரைக் கடைசியில் கொண்டுபோவது நிமோனியாவோ வயிற்றுப்போக்கோதான். அதனால் சாவுக் கணக்கில் கருங்காய்ச்சலின் பெயர் பல நேரம் ஏறாமலே போயிற்று.

பதிலைத் தேட நாம் மீண்டும் அசாமுக்குப் போக வேண்டும்.

கரோ மலையடிவாரத்தில் ஆங்கிலேயர் நிர்வாகம் வந்து ஊன்றிய காலத்தை ஒட்டித்தான் நோயும் கண்ணில் பட்டது. ஆகவே அங்குள்ள மக்கள் அதைச் சர்க்கார் நோய் என்றார்கள். 1880களில் அது அரசாங்கத்தின் சுகாதார அறிக்கைகளில் இடம்பிடித்தது. பிறகு பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் கிழக்கு நோக்கி, கிராமம் கிராமமாக, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. காலரா ஒரு வாரத்தில் கடக்கிற தூரத்தை இது கடக்க ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1891க்கும் 1901க்கும் இடையில் நவ்காங் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. விளைநிலங்கள் தரிசாயின, வரி கொடுக்க ஆளில்லை. அரசாங்கம் விழித்துக்கொண்டதற்கு இந்தக் கடைசிக் காரணமும் உண்டு என்று நினைக்கிறேன்.

வல்லுநர்கள் வரிசையாக வந்தார்கள். 1890இல் கைல்ஸ் வந்து பார்த்துவிட்டு, இது கொக்கிப்புழு நோய் என்றார். லியோனார்டு ராஜர்ஸ் வந்தார். மலேரியாவின் கடுமையான வடிவம் என்றார். மலேரியாவுக்குக் கொசுவே காரணம் என்று நிறுவிய கையோடு ராஸையே அனுப்பினார்கள். அவரும் மலேரியாவின் பக்கமே சாய்ந்தார். பென்ட்லி மால்டா காய்ச்சல் என்றார். மூடர் ஒருவரும் இல்லை இந்தப் பட்டியலில். அவரவர் தமக்கு ஏற்கெனவே தெரிந்த நோயைத் தெரியாத ஊரில் தேடினார்கள், அவ்வளவுதான்.

இவர்களுக்கு நடுவில் பெரிய பெயர் இல்லாத ஒருவர் இருந்தார். நவ்காங் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த டாட்ஸ் பிரைஸ். அவருக்குக் கிருமியைப் பற்றிக் கவலை இல்லை. தொழிலாளர் சாகாமல் இருக்க வேண்டும், தோட்டம் ஓட வேண்டும். சில லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், நோய் திரும்பத் திரும்ப வருவதையும், அங்கே புதிதாகக் குடியேற்றப்படும் குடும்பங்களும் ஓரிரு ஆண்டுகளில் விழுவதையும் அவர் கவனித்தார். ஆகவே பழைய லயங்களிலிருந்து சில நூறு கெஜம் தள்ளிப் புதிய லயங்களைக் கட்டினார். நோய் கண்ட குடும்பம் ஒன்றைக்கூட அங்கே விடவில்லை. நலமாக இருந்தவர்களையும் புதிதாக வந்தவர்களையும் மட்டும் குடிவைத்தார். வேலை அதே தோட்டத்தில்தான். சோறு அதே சோறு, தண்ணீர் பெரும்பாலும் அதே தண்ணீர். பழைய லயத்தில் நோய் தொடர்ந்தது. புதிய லயம் தப்பித்தது. இந்த ஏற்பாட்டை ராஜர்ஸ் ஊரறியச் செய்தார். பிற தோட்டங்களும் பின்பற்றின.

என் கணக்கில் இந்தக் கதையிலேயே மிகப் பெரிய தடயம் இதுதான். நோய் காற்றில் வருவதில்லை, தண்ணீரில் வருவதில்லை, பகலில் வேலைக்காட்டில் பிடிப்பதில்லை. இரவில் படுக்கிற இடத்தில் பிடிக்கிறது. எது கொண்டுவருகிறதோ அதனால் சில நூறு கெஜத்தைக்கூட எளிதில் தாண்ட முடியவில்லை. இவ்வளவும் அந்த லயங்களில் எழுதிவைத்ததுபோல் இருந்தன. படித்தவர்கள் தவறாகக் கூட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

வீட்டில் ஒட்டியிருப்பது, இரவில் கடிப்பது, தானாகத் தூரம் போகாதது. யாரைக் கேட்டாலும் மூட்டைப்பூச்சி என்றுதான் சொல்லியிருப்பார்கள். சென்னையில் பாட்டன் (Patton) என்ற ஆய்வாளர் அதைத்தான் சொன்னார். ஜார்ஜ் டவுன் பக்கமிருந்து கருங்காய்ச்சல் நோயாளிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. 1907இல் அவர் மூட்டைப்பூச்சிகளுக்கு நோயாளியின் இரத்தத்தைக் கொடுத்து, பின்னர் வயிற்றை அறுத்துப் பார்த்தார். மனித உடம்பில் உருண்டையாக அசையாமல் கிடக்கும் கிருமி, பூச்சியின் வயிற்றில் நீண்டு, வால் முளைத்து நீந்தியது. 1904இல் ராஜர்ஸ் கல்கத்தாவில் கண்ணாடிக் குழாயில் வளர்த்தபோது கண்ட அதே வடிவம். கண்டுபிடித்தாயிற்று என்று நினைக்க இது போதாதா?

போதாது என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. உடம்புச் சூட்டைவிடக் குறைந்த சூட்டில், சற்றே இரத்தம் கிடைத்தால் அந்தக் கிருமி எங்கே வேண்டுமானாலும் வால் முளைத்து நீந்தும். கண்ணாடிக் குழாயில் நீந்தியதே. பூச்சியின் வயிற்றில் வளர்வது ஒன்று. அங்கிருந்து வாய்க்கு வந்து அடுத்த ஆளின் தோலுக்குள் இறங்குவது வேறு. மூட்டைப்பூச்சி இந்த இரண்டாவது வேலையைச் செய்ததை எவராலும் காட்ட முடியவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஆராய்ச்சி அதைச் சுற்றியே நடந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் கார்ன்வாலும் பல ஆண்டுகள் மூட்டைப்பூச்சியோடு மல்லுக்கட்டினார். பாட்டன் கடைசிவரை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

இதில் இன்னொரு முரண்பாடு எல்லோர் கண்முன்னும் கிடந்தது. மூட்டைப்பூச்சி இல்லாத ஊர் இந்தியாவில் உண்டா? பஞ்சாபில் இருந்தது, தக்காணத்தில் இருந்தது, ரயில் பெட்டிகளில் இருந்தது. கருங்காய்ச்சலோ அசாம், வங்காளம், பீகார், சென்னைப் பக்கத்தில் சில இடங்கள் என்று எல்லை போட்டுக்கொண்டு நின்றது.

அந்த எல்லையைக் கவனித்தவர் ஜான் சிண்டன். ராணுவ மருத்துவர், முதல் உலகப் போரில் மெசொப்பொத்தேமியப் போர்முனையில் காட்டிய தீரத்துக்காக விக்டோரியா சிலுவை வாங்கியவர், பின்னாளில் ராயல் சொசைட்டிக்கும் தேர்வானவர். இந்த இரண்டு பெருமைகளும் ஒருவருக்கே அமைந்தது அவரோடு சரி. அவருக்கு மணல் ஈக்கள்மீது ஒரு பித்து. இந்தியாவில் எந்த இனம் எங்கே இருக்கிறது என்று வகைப்படுத்திக்கொண்டிருந்தார். 1920களின் நடுவில், ‘ஃபிளிபோடோமஸ் அர்ஜென்டிப்பஸ்’ என்ற இனம் காணப்படும் இடங்களையும் கருங்காய்ச்சல் காணப்படும் இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்துகின்றன என்று சுட்டிக்காட்டினார்.

1924இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூவரும் அதே ஈக்களுக்கு நோயாளியின் இரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி உள்ளே செழித்தது. அதே காலத்தில் அசாமில் கிறிஸ்டோபர்ஸ் தலைமையில் கருங்காய்ச்சல் ஆய்வுக்குழு அமைந்தது. பிறகு ஷார்ட் அதன் தலைவரானார். ஈயின் குடலில் கிருமி பின்னால் போகாமல் முன்னால், தொண்டையை நோக்கி வருவதை அந்தக் குழு கண்டது. மூட்டைப்பூச்சியில் காணாதது இதுதான்.

இந்த ஈயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளமில்லை. உடம்பெல்லாம் மெல்லிய முடி. உட்காரும்போது இறக்கைகளை மடிக்காமல் நிமிர்த்தி வைத்துக்கொள்ளும். அந்த அடையாளத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பறப்பது என்று சொல்வதைவிடத் தத்துகிறது என்பதே பொருத்தம். கொசுவைப்போல் ரீங்காரம் இல்லை. காதருகே வந்தாலும் தெரியாது. பெயரில் மணல் இருந்தாலும் இந்த இனத்துக்குக் கடற்கரையோடு உறவில்லை. சாணமும் வைக்கோலும் மக்கிய ஈர மண்ணில் முட்டையிடும். பகலில் மண்சுவர் விரிசலிலும் மாட்டுத் தொழுவத்தின் இருண்ட மூலையிலும் பதுங்கியிருக்கும். பொழுது சாய்ந்ததும் பெண் ஈ இரத்தம் தேடி வெளியே வரும். மாட்டையும் கடிக்கும், மனிதரையும் கடிக்கும். மாட்டின் உடம்பில் இந்தக் கிருமி தங்குவதில்லை. இந்தியாவில் நோயாளிதான் கிருமியின் களஞ்சியம். காட்டு விலங்கு எதன்மீதும் பழி போட வழியில்லை.

ஆகவே யார் கடிபடுகிறார்கள் என்று பார்த்தால் படம் முழுமையாகிறது. மண்சுவர் வீடு, ஒரே கூரைக்கு அடியிலோ ஒட்டினாற்போலவோ மாடு, ஈரம் காயாத தரை, தரையிலேயே படுக்கை. கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணும், மழைக்காலத்தில் மேலேறி வரும் நிலத்தடி நீரும் ஈக்குத் தோதானவை. மாடு இருந்தால் ஈ அதைக் கடித்துவிட்டு மனிதரை விட்டுவிடுமா, அல்லது மாட்டுச் சாணமே ஈயைப் பெருக்கி மனிதருக்குக் கேடாகுமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. வாதத்துக்கு அப்பால் ஒன்று தெளிவு. பீகாரில் நிலமும் இல்லாமல் மாடும் இல்லாமல் ஊரோரக் குடிசைகளில் இருக்கும் முசஹர் மக்களை இந்த நோய் மற்றவர்களைவிடக் கடுமையாகவே தாக்கியிருக்கிறது.

இனி, ஆய்வுக்குழுவின் துயரம். ஈதான் குற்றவாளி என்று எல்லாம் சொன்னது, ஈ மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆய்வகத்தில் ஈயை உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு. ஈரப்பதம் சற்றுக் குறைந்தால் செத்துவிழும். முதல் முறை இரத்தம் குடித்து முட்டையிட்டதும் பெரும்பாலானவை இறந்தன. கிருமி உள்ளே முதிர்வதற்கும் அந்த ஈ மறுபடி ஒருவரைக் கடிப்பதற்கும் இடையிலான சில நாட்களைத் தாண்டுவதுதான் சிக்கல். ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான ஈக்களைத் தன்னார்வலர்கள்மீது கடிக்கவிட்டும் ஒருவருக்கும் நோய் வரவில்லை. 1931இல் ஷார்ட், ஸ்மித், சுவாமிநாத், கிருஷ்ணன் நால்வரும் ஈக்கடியால் ஒரு ஹாம்ஸ்டர் எலிக்கு நோய் பற்றியதாக அறிவித்தார்கள். ஒற்றை எலியை வைத்து உலகை ஒப்புக்கொள்ள வைக்க முடியுமா? ஈயின் கடியால் அல்ல, ஈயை நசுக்கித் தேய்ப்பதால் நோய் பரவுகிறது என்று சொன்னவர்களும் உண்டு.

முடிச்சை அவிழ்த்தது உலர்திராட்சை.

1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்மித், ஹால்தர், அகமது மூவரும் ஒரு சிறிய மாற்றம் செய்தார்கள். நோயாளியின் இரத்தத்தை ஒருமுறை குடித்த ஈக்களுக்கு, இரண்டாம் முறை இரத்தம் கொடுக்காமல், ஊறவைத்த உலர்திராட்சையைக் கொடுத்தார்கள். ஈக்கள் நீண்டநாள் பிழைத்தன. அதைவிட முக்கியம், இனிப்பை உண்ட ஈயின் தொண்டையில் கிருமி பெருத்துத் திரண்டு அடைத்துக்கொண்டது. தொண்டை அடைத்த ஈ கடிக்கும்போது இரத்தம் உள்ளே இறங்காது; முக்கி முக்கி உறிஞ்சுகையில் அடைப்பிலிருந்து கிருமி கடிவாய்க்குள் வந்து விழும். பிளேக் கிருமி தெள்ளுப்பூச்சியின் தொண்டையை அடைத்துப் பரவுவதும் இப்படித்தான். இயற்கையில் மணல் ஈ இரத்தத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை, செடிகொடிகளின் இனிப்புச் சாற்றையும் உறிஞ்சுகிறது. ஆய்வகத்தில் இத்தனை ஆண்டுகளும் அதற்கு இரத்தத்தை மட்டுமே ஊட்டிக்கொண்டிருந்தார்கள். இரத்தம் குடிக்கிற பூச்சிக்கு இரத்தம்தானே உணவு என்ற நினைப்பு, நல்ல மூளைகளைப் பத்து ஆண்டுக்கு மேல் கட்டிப்போட்டது.

1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் இந்த முறையைக் கையிலெடுத்தார்கள். அசாமில் கருங்காய்ச்சல் தீண்டாத பகுதியைச் சேர்ந்த தன்னார்வலர்களை, திராட்சை தின்று தேறிய, கிருமி சுமந்த ஈக்கள் கடித்தன. ஐந்து பேருக்கு நோய் கண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் நான்கைந்து பக்கத்தில் கட்டுரை வந்தது. முதல் பெயர் சுவாமிநாத்துடையது.

பத்தில் ஒன்பது பேரைக் கொல்லும் நோயை மனிதருக்கு வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார்கள் என்று படிக்கும்போது இன்று நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு மருந்து இருந்தது: உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் யூரியா ஸ்டிபமின். 1920களிலிருந்தே அது அசாமில் உயிர்களை மீட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும், அந்தத் தன்னார்வலர்களுக்கு என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. டோனவனுக்கும் லீஷ்மனுக்கும் கிருமியின் பெயரிலேயே நிலைத்த இடம் கிடைத்தது. கையை நீட்டியவர்களுக்குக் கட்டுரையில் வெறும் எண்தான்.

ஈயைப் பிடித்தாயிற்று, அடுத்து ஒழிக்க வேண்டியதுதானே என்றால், அது நடந்த விதமும் விந்தை. கருங்காய்ச்சலுக்காக எவரும் பெரிதாகப் போர் தொடுக்கவில்லை. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. அடித்தார்கள். குறி கொசுவுக்கு. அதே சுவரில்தான் மணல் ஈயும் பகல் முழுதும் உட்கார்ந்திருந்தது. கொசுவாவது இரவில் வெளியேறிப் போகும், மருந்துக்குப் பழகவும் பழகியது; சுவரே கதி என்றிருந்த ஈ கூட்டங்கூட்டமாக மடிந்தது. 1960களில் கருங்காய்ச்சல் நோயாளியைப் பார்ப்பதே அரிதாயிற்று. இளம் மருத்துவர்கள் அதைப் பழைய புத்தகத்து நோய் என்று படித்துக் கடந்தார்கள்.

மலேரியா அடங்கியதும் மருந்தடிப்பு நின்றது. சில ஆண்டுகள்தான். 1970களின் தொடக்கத்தில் வடக்குப் பீகாரில், வைசாலிப் பக்கம், காய்ச்சலும் வீங்கிய வயிறுமாக நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். 1977இல் பீகாரில் ஏறத்தாழ 1 லட்சம் பேருக்கு நோய் கண்டதாக மதிப்பிட்டார்கள். மறுபடி டி.டி.டி. பம்புகள் கிளம்பின. ஆனால் ஒருமுறை தற்செயலாகக் கிடைத்த வெற்றி திட்டமிட்டபோது கிடைக்கவில்லை. தெளிப்பு ஒழுங்காக நடக்கவில்லை. சாமி அறையிலும் சமையலறையிலும் அடிக்க வீட்டார் விடவில்லை. வருடங்கள் போகப்போக ஈயும் டி.டி.டி.க்குப் பழகிவிட்டது. 2015ஐ ஒட்டித்தான் அதைக் கைவிட்டு வேறு வகைப் பூச்சிமருந்துக்கு மாறினார்கள்.

கொசுவலை போதாதா என்று கேட்கலாம். சாதாரண வலையின் கண்ணுக்குள் மணல் ஈ தாராளமாக நுழைந்துவிடும். மருந்தூட்டிய வலைகளை இந்தியாவிலும் நேபாளத்திலும் கிராமங்களுக்குக் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2010இல் வந்தது: வலை கொடுத்த ஊர்களிலும் கொடுக்காத ஊர்களிலும் தொற்றில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. பீகார்க் கிராமத்தில் பொழுது சாய்ந்ததும் யாரும் வலைக்குள் போய்விடுவதில்லை. சமையல், மாட்டுக்குத் தீனி, திண்ணைப் பேச்சு எல்லாம் முடிந்துதான் படுக்கை. வெயில் காலத்தில் படுக்கையும் வெளியேதான். ஈ வீட்டுக்குள் மட்டும் இருப்பதாக நினைத்ததும் முழு உண்மை இல்லை. பீகாரில் மரங்களின் மேல்கிளைகளிலும் பனைமரங்களிலும் இதே இனத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்று. இதே ஈ தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. இலங்கையில் இதே கிருமியினம் பெரும்பாலும் உள்ளுறுப்புகளைத் தொடாமல், தோலில் ஆறாத புண்ணாக மட்டும் நின்றுவிடுகிறது. ஒரே கிருமி ஓரிடத்தில் மண்ணீரலையும் இன்னோரிடத்தில் தோலையும் தேர்ந்தெடுப்பதற்குக் கிருமியின் மரபணுவில் உள்ள சிறு வேறுபாடுகளைக் காரணமாகக் காட்டுகிறார்கள்.

2005இல் இந்தியா, நேபாளம், வங்கதேசம் மூன்றும் சேர்ந்து, வட்டார அளவில் 10,000 பேருக்கு ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலைக்கு நோயைக் கொண்டுவருவது என உடன்பட்டன. வங்கதேசம் 2023இல் அதை எட்டியதாக உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது; உலகிலேயே முதல் நாடு. இந்தியாவிலும் ஒரு காலத்தில் பல்லாயிரமாக இருந்த ஆண்டுக் கணக்கு இப்போது சில நூறுகளுக்கு இறங்கிவிட்டது.

இனி மிச்சமிருப்பது ஒரு புதிர். 1960களில் ஈயும் அரிது, நோயாளியும் அரிது. விலங்குகளிலும் கிருமி தங்காது. அப்படியானால் 1970களில் வைசாலிக்குக் கிருமி எங்கிருந்து வந்தது? 1922இல் பிரம்மச்சாரி, கருங்காய்ச்சலிலிருந்து குணமானவர்கள் சிலரின் முகத்திலும் உடம்பிலும் மாதங்கள், வருடங்கள் கழித்து வெளிறிய தேமலும் முடிச்சுகளும் தோன்றுவதைப் பார்த்தார். கீறி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது உள்ளே அதே கிருமி இருந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அவர்கள் தொழுநோய் என்று பயந்து ஒளிந்துகொண்டார்கள், அல்லது தேமல்தானே என்று வேலைக்குப் போனார்கள். அந்தத் தோலைக் கடிக்கிற ஈக்குக் கிருமி கிடைக்கும். மேற்கு வங்கத்தின் 24 பர்கனா மாவட்டத்தில் 1980களில் மூண்ட பரவலை ஆராய்ந்தவர்கள், அதைத் தொடங்கிவைத்தது இப்படி ஒரு தேமல் நோயாளியாக இருக்கலாம் என்று ஐயப்பட்டார்கள்.

கல்கத்தா கேம்ப்பெல் மருத்துவமனையில், மின்விளக்கும் தண்ணீர்க் குழாயும் இல்லாத சிற்றறையில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிரம்மச்சாரி ஆண்டிமனியோடு போராடிய கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)